ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்: வாக்கு கேட்டு வருபவரிடம் கேளுங்கள்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்தவரை தேர்தலைப் பற்றி வெளியே வாய் திறந்ததில்லை. அரசு ஊழியர் நடத்தை விதிகள் அப்படி. இப்போது பேசலாம், பேசுகிறேன்.

ஒரு நாள் காலை. 47 பிள்ளைகள். உடன் வேலை பார்த்த ஆசிரியை குறுவள மையப் பயிற்சிக்குப் போய்விட்டார். முதல் மூன்று வகுப்புகளை எண்ணும் எழுத்தும் திட்டப்படி, பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்க வேண்டும். நான்காம் வகுப்புக்கு வகுத்தல், ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம். கரும்பலகையில் நடுக்கோடு போட்டு ஒரு பக்கம் கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினால், ஒன்றாம் வகுப்புப் பையன் மூக்கொழுக அழுதுகொண்டு நிற்கிறான். வருகைப் பதிவைக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் ஏற்ற வேண்டும், சிக்னல் வாசலில்தான் கிடைக்கும். வகுத்தலில் மீதி வரும் இடம் புரியாத ஒரு சிறுமி, சிலேட்டோடு என் பின்னாலேயே நடந்தாள். மணி அடிக்கும்வரை அவளோடு உட்கார எனக்கு நேரம் வாய்க்கவில்லை.

“டீச்சருங்க சரியில்ல” என்று சொல்லிப் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடும் பெற்றோருக்கு ஒன்று தெரிய வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று பேர். வகுப்பு ஐந்து என்பது அந்தக் கணக்கில் வராது. பிள்ளைகள் குறையக் குறைய ஆசிரியரும் குறைவார், ஆசிரியர் குறைந்தால் பிள்ளைகள் இன்னும் போவார்கள். ஆனால் சட்டம் சொல்வது குறைந்தபட்ச அளவு. அதற்கு மேல் பணியிடம் உருவாக்க மாநில அரசுக்குத் தடை ஏதும் இல்லை. முடிவு கோட்டையில் இருக்கிறது, அதாவது நாம் வாக்குப் போட்டு அனுப்புகிறவர்களிடம்.

அங்கே எடுக்கும் முடிவு வகுப்பறை வரை வந்து சேரும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். காலை வணக்கக் கூட்டத்தில் வெறும் வயிற்றோடு மயங்கி விழும் பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறேன். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்த பிறகு, ஒன்பது மணிக்கு அதே பிள்ளைகள் கிச்சடி சாப்பிட்ட தெம்போடு வரிசையில் நின்றார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அப்போது இருந்தது வேறு கட்சியின் ஆட்சி. எந்தக் கட்சியானாலும் விடாமல் கேட்டால் நடக்கும் என்பது என் நம்பிக்கை.

என்ன கேட்பது என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம். வேட்பாளர் வந்ததும் சுற்றுச்சுவர் கேட்கிறோம், கழிப்பறை கேட்கிறோம். அவையும் தேவைதான். தொகுதி மேம்பாட்டு நிதியிலேயே கட்டிவிடலாம். ஆசிரியர் பணியிடம் அப்படிக் கிடைக்காது, அதற்கு அரசாணை வேண்டும், பட்ஜெட்டில் பணம் வேண்டும். சட்டமன்றத்துக்குப் போகிறவரிடம் கேட்க வேண்டியது அது.

நம் பள்ளிகளில்தான் வாக்குச்சாவடி. தேர்தலுக்கு முன் ஒரே வாரத்தில் சாய்தளத்துக்கு சிமென்ட் பூசி, பல்பு மாட்டி, குழாயில் தண்ணீர் வரவைத்துவிடுவார்கள். மூன்று வருடம் மனு எழுதியும் வராத தண்ணீர் அது. நினைத்தால் முடிகிறது, பாருங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே குழுவில் ஒரு தீர்மானம் போடுங்கள், கிராம சபையிலும் போடுங்கள். பணியில் இருக்கும் ஆசிரியரைப் பிரச்சாரப் பக்கம் இழுக்காதீர்கள், அவர் வேலைக்கே ஆபத்து வரலாம். வேட்பாளர் தெருவுக்கு வரும்போது, கட்சி பார்க்காமல் எல்லோரிடமும் ஒரே தாளைப் பெற்றோரே கொடுங்கள். அதில் மூன்று வரி போதும்: எங்கள் பள்ளியில் இத்தனை பிள்ளைகள், இத்தனை ஆசிரியர்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். இதற்காகச் சட்டமன்றத்தில் பேசுவீர்களா? கீழே அவர் கையெழுத்துக்கு இடம் விடுங்கள்.