மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை

கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்குவதற்காக மரத்துப்போகும் ஊசி போட்டிருக்கிறோம். ஐந்து நிமிடம் கழித்து "உதடு கனமா இருக்காம்மா?" என்று கேட்டால், "லேசாத்தான் இருக்கு டாக்டர்" என்கிறார். அதே சிரிஞ்சில் இன்னும் கொஞ்சம் மருந்து செலுத்த வேண்டும். அதுவரை முனை திறந்து கிடக்கக் கூடாதே என்று மூடியை மாட்டப் போகிறோம். இடது கையில் மூடி, வலது கையில் சிரிஞ்ச். சுருக்கென்று ஆள்காட்டி விரலில் ஏறிவிடுகிறது. கிளவுஸைக் கழற்றினால் கடுகளவு ரத்தம்.

அந்த நேரத்தில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஹெச்.ஐ.வி. ஆனால் ஹெச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் 3. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உள்ளவர் என்றால், தடுப்பாற்றல் இல்லாத நமக்கு அது 100க்கு 6 முதல் 30 வரை. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் நூறு கோடி வைரஸ் வரை இருக்கக்கூடும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத துளியே போதும். உலர்ந்த ரத்தக் கறையிலும் இந்த வைரஸ் ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கும். கறையைத் துடைக்காத லைட் கைப்பிடியும் அதனால் ஆபத்துதான். காமாலை இல்லாமல், தனக்குத் தொற்று இருப்பதே தெரியாமல் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள்தான் அதிகம்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வேலை செய்யும் விதம் எனக்கு இன்றும் வியப்புதான். இந்த வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் புகுந்ததும் முழு வைரஸ்களோடு நின்றுவிடுவதில்லை. தன் மேலுறைப் புரதத்தை மட்டும் சின்னச் சின்ன உருண்டைகளாக ரத்தத்தில் கொட்டுகிறது. முழு வைரஸ் ஒன்றுக்கு இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். உள்ளே மரபணு இல்லாத வெற்றுக் கூடுகள் இவை. கிருமியைப் பிடிக்க நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) இந்தக் கூடுகளைப் பிடிப்பதில் தீர்ந்துபோக, அசல் வைரஸ் தப்பித்துக்கொள்கிறது. 1960களில் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் பரூக் ப்ளம்பர்க் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ரத்தத்தில் கண்டதும் இந்தப் புரதத்தைத்தான். 1976ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸ் நம்மை ஏமாற்றப் பயன்படுத்தும் அதே கூடுதான் தடுப்பூசி. 1981ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தடுப்பூசிக்கு, தொற்று உள்ளவர்களின் ரத்தத்திலிருந்தே கூடுகளைப் பிரித்துச் சுத்திகரித்தார்கள். 1986 முதல் ஈஸ்ட்டுக்குள் அந்தப் புரதத்தின் மரபணுவைச் செலுத்தி, வைரஸே இல்லாமல் கூட்டை மட்டும் செய்ய முடிந்தது. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997ல் இதை இந்தியாவிலேயே தயாரித்துத் தந்த பிறகுதான் நம் ஊர்ப் பைக்கு எட்டும் விலைக்கு வந்தது.

முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. முதல் இரண்டும் நிணநீர்க் கணுக்களில் இருக்கும், எதிர்ப்பொருள் உருவாக்கும் பி செல்களுக்குக் கூட்டை அடையாளம் காட்டுகின்றன. அடுத்த மாதங்களில், இறுகப் பிடிக்கத் தெரிந்த செல்கள் மட்டும் தேறி நினைவுச் செல்களாகின்றன. மூன்றாவது ஊசி அவற்றைத் தட்டி எழுப்பிப் பெருக்குகிறது. பரீட்சை, இன்டர்ன்ஷிப் என்று மூன்றாவதை விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட ஊசியைப் போட்டுக்கொண்டால் போதும். இடுப்பில் அல்ல, தோள்பட்டைத் தசையில். இடுப்பின் கொழுப்பில் போனால் பலன் குறையும். உறைந்துபோன தடுப்பூசியும் அப்படித்தான், வெறும் வலிதான் மிச்சம்.

நம்மில் பெரும்பாலோர் இத்தோடு நிறுத்திவிடுகிறோம். எனக்கு ஆதங்கமே அதில்தான். ஆரோக்கியமான பெரியவர்களிலேயே 100க்கு 5 முதல் 10 பேருக்கு மூன்று ஊசிக்குப் பிறகும் போதிய எதிர்ப்பொருள் உருவாவதில்லை. நாற்பது தாண்டியவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், புகைப்பவர்களிடம் இது இன்னும் அதிகம். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. மூன்றாவது ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் ஆன்டி-ஹெச்.பி.எஸ்., அதாவது அந்தக் கூட்டுக்கு எதிரான எதிர்ப்பொருளின் அளவு பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் (mIU/mL) அல்லது அதற்கு மேல் வந்தால் பாதுகாப்பு உண்டு. குறைந்தால் இன்னொரு சுற்று போட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

எப்போது பார்க்கிறோம் என்பது முக்கியம். எதிர்ப்பொருள் அளவு வருடங்கள் போகப் போகத் தானாகக் குறையும். ஒரு முறை 10ஐத் தொட்டவருக்கு அதனால் கெடுதல் இல்லை. வைரஸ் உள்ளே வந்து நோயாக வெளிப்பட 45 முதல் 180 நாள் ஆகும், நினைவுச் செல்கள் விழித்துக்கொள்ள அது தாராளம். ஆனால் பத்து வருடம் கழித்து முதன்முறையாகப் பரிசோதித்து 3 வந்தால்? ஊசி வேலை செய்து பின் அளவு இறங்கியதா, ஆரம்பத்திலேயே வேலை செய்யவில்லையா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

கிளினிக்கில் குத்து வாங்குவது டாக்டர் மட்டுமல்ல. பல்லைச் சுத்தம் செய்யும் ஸ்கேலர் முனையையும் பல்லைக் குடையும் பர்களையும் பிரஷ் போட்டுத் தேய்க்கும் உதவியாளருக்கு ஊசி போட்டோமா என்று கேட்டுப் பாருங்கள். குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் இந்தத் தடுப்பூசி நாடு முழுவதும் வந்தது 2011ல்தான். இன்று வேலை பார்ப்பவர்களில் பலர் சிறுவயதில் போட்டிருக்க மாட்டார்கள். "காமாலை வந்தா கீழாநெல்லி இருக்கே சார்" என்பார்கள். ப்ளம்பர்க்கும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து 1988ல் லான்செட் இதழில் வெளியிட்ட கீழாநெல்லி ஆய்வு உண்மையிலேயே நம்பிக்கை தந்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஊசி குத்தினால் விரலைப் பிதுக்க வேண்டாம், சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். நோயாளியின் ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லிவிட்டு, கூடவே உங்கள் பழைய ரிப்போர்ட்டைத் தேடுங்கள். அதில் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஹெபடைடிஸ் பிக்காக வேறெதுவும் செய்ய வேண்டாம். தடுப்பூசியே போடாதவர் என்றால், 24 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருள் ஊசி தேடி ஓட வேண்டும். விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது.

எங்கள் கிளினிக்கில் கருவிகள் கழுவும் அக்காவுக்கு முதல் சுற்று முடிந்து பார்த்தபோது 4தான் வந்தது. மறுபடி மூன்று ஊசி. போன மாதம் வந்த ரிப்போர்ட்டில் 180 இருந்தது.