ஏசிக்குக் கேஸ் அடிக்கும் முன் மொட்டைமாடிக்குப் போங்கள்

ஏப்ரல் பிறந்தால் போதும், ராயபுரத்திலிருந்தும் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்தும் ஒரே போன். "அண்ணே, கூலிங் வரல. கேஸ் கம்மியாயிருக்கும், வந்து அடிச்சிடுங்க." நேற்றும் காசிமேட்டில் ஒரு மேல்மாடி வீடு. கேஸ் பிரஷர் சரி, ஃபில்டர் சுத்தம். போன வருடமும் யாரோ கேஸ் அடித்துக் காசு வாங்கியிருக்கிறார்.

தயவுசெய்து கேளுங்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீராது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை அடிக்கும் வழக்கமே கிடையாது. குறைந்திருந்தால் எங்கோ லீக். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று காயிலை அரிப்பது சகஜம். லீக்கை அடைக்காமல் மேலே மேலே கேஸ் ஏற்றுவது தண்டம். (இந்த நம்பிக்கையை வளர்த்ததில் எங்கள் தொழில்காரர்களுக்கும் பங்குண்டு.)

அந்தக் காசிமேட்டு வீட்டில் பிரச்சினை மொட்டைமாடித் தளம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள். சுடும். பகலெல்லாம் வாங்கிய வெயிலைக் கான்கிரீட் ராத்திரிதான் உள்ளே இறக்கும். "ஏசியைப் பெருசா ரெண்டு டன்னா மாத்திடலாமா?" என்கிறார்கள். மாற்றலாம், கரண்ட் பில்லும் மாறும்.

முதலில் விரிசலை அடைத்து, மொட்டைமாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடியுங்கள். வசதியில்லையா, சுண்ணாம்பாவது அடியுங்கள். கன்டெய்னர் லாரிப் புழுதி படிந்து கறுத்துவிட்டால் வெயிலைத் திருப்பி அனுப்பாது, அவ்வப்போது கழுவுங்கள். மரக்கட்டை தாங்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் என்றால், இன்ஜினியரிடம் காட்டாமல் கூலிங் டைல்ஸ் ஒட்டாதீர்கள். அந்தக் கட்டை எத்தனை வருட ஈரம் பார்த்ததோ!

அப்புறம் ஜன்னலுக்கு மேலே திறந்தே கிடக்கும் வென்டிலேட்டர். ஏசி ஓடும்போது மூடாவிட்டால் தெருவையும் சேர்த்துக் குளிர்விக்கிறீர்கள். 16 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிராது. அதிக நேரம் ஓடும், அவ்வளவுதான். 2020 முதல் ஸ்டார் முத்திரை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி வருவது சும்மா இல்லை. ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் 26-கூடப் போதும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மோட்டார் ஃபேனுக்கு 30 வாட் பக்கம்தான்.

பழைய வயரிங்கில் 5 ஆம்பியர் பிளக்கில் ஏசி மாட்டவே மாட்டாதீர்கள். தனி லைன், தனி எம்சிபி (லோடு மீறினால் தானே ஆஃப் ஆகும் சுவிட்ச்), நல்ல எர்த். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் பேசுங்கள், பெயின்ட் செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம். சிமென்ட் ஷீட் வீட்டுக்காரர்களே, நீங்களாக ஷீட்மேல் ஏறிப் பெயின்ட் அடிக்காதீர்கள். உடைந்து விழுவீர்கள். பலகை போட்டு வேலை செய்யத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.