நியூயார்க்–லண்டன்: தூரம் ஒன்று, நேரம் இரண்டு

நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்குச் சுமார் 5,540 கிலோமீட்டர். கால அட்டவணையில் லண்டன் போக ஏழு மணி நேரம், திரும்பி வர எட்டு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். 2020 பிப்ரவரியில் ஓர் இரவு, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று இதே தூரத்தை 4 மணி 56 நிமிடத்தில் கடந்துவிட்டது. எஞ்சினில் புதிதாக எதையும் மாட்டவில்லை. கியாரா புயல் வீசிய நேரம் அது. மேலே அடித்த காற்று பின்னாலிருந்து தள்ளிவிட்டது.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதுதான் காரணம் என்று நினைப்பவர்கள் உண்டு. நேரடியாக அது காரணம் இல்லை. காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. நின்றுகொண்டிருக்கும் விமானமும் அப்படித்தான். சுழற்சியின் வேலை சுற்றுவழியில் நடக்கிறது. வெப்பமண்டலக் காற்று சூடேறி விரிவதால், உயரத்தில் அங்கே அழுத்தம் கூடுதல். அந்தக் காற்று துருவத்தை நோக்கி நகரும்போது, பூமியின் சுழற்சி அதைக் கிழக்குப் பக்கம் திருப்பிவிடுகிறது. இப்படித்தான் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் 'ஜெட் ஸ்ட்ரீம்' என்ற காற்றாறு ஓடுகிறது. குளிர்காலத்தில் வடக்குக்கும் தெற்குக்கும் வெப்பநிலை வித்தியாசம் அதிகம் என்பதால் வேகமும் அதிகம்.

இதை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் ஓயிஷி வசபுரோ. 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டுக் கண்டுபிடித்தார். உலகமே படிக்கட்டும் என்று உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் அறிக்கை வெளியிட்டார், பாவம். வெளியே யாரும் கண்டுகொள்ளவில்லை.

அன்றிரவு அந்த 747-இன் வேகம் தரைக்கணக்கில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த உயரத்தில் ஒலியின் வேகம் சுமார் 1,060 தான். ஆனாலும் அது ஒலியை முந்தவில்லை. விமானத்துக்குக் கணக்கு, சுற்றியுள்ள காற்றுக்குள் அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான். அது வழக்கமான 900 சொச்சமே. மீதி முழுக்கக் காற்றின் உபயம்.

சரி, போகும்போது மிச்சமாகும் நேரம் வரும்போது செலவாகி, கணக்கு நேராகிவிடுமா? ஆகாது. காற்றே இல்லையென்றால், 900 வேகத்தில் போய்வர 12 மணி 19 நிமிடம். 200 கிலோமீட்டர் வேகக் காற்று இருந்தால் போக 5 மணி 2 நிமிடம், வர 7 மணி 55 நிமிடம். மொத்தம் 12 மணி 57 நிமிடம். எதிர்க்காற்றில்தான் நெடுநேரம் மாட்டிக்கொள்கிறோம், அதனால் எப்போதும் நஷ்டம்தான்.

ஆகவே மிகக் குறைந்த தூரம் என்பது மிகக் குறைந்த நேரம் ஆகாது. உருண்டையான பூமியில் இந்த இரு நகரங்களுக்குக் குறுக்குவழி நோவா ஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாந்து பக்கம் வளைந்து போகிறது. ஆனால் அட்லாண்டிக்கின் மேல் பாதைகளை அன்றாடம் காற்றைப் பார்த்துத்தான் வரைகிறார்கள். கிழக்கே போகும் இரவுப் பாதைகளைக் கனடாவின் கேண்டர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையமும், மேற்கே வரும் பகல் பாதைகளைப் பிரிட்டன்-அயர்லாந்து பக்கத்து ஷான்விக் மையமும் வகுக்கின்றன. முன்னதை ஜெட் ஸ்ட்ரீமுக்குள் நுழைப்பார்கள். பின்னதை அதிலிருந்து ஒதுக்குவார்கள், சில நூறு கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை என்று.

ஒதுங்கியும் தப்ப முடியாத நாட்கள் உண்டு. 2011 டிசம்பரில் எதிர்க்காற்று பலமாக அடித்ததில், ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா கிளம்பிய போயிங் 757 விமானங்கள் பல, எரிபொருள் போதாமல் கேண்டர் போன்ற இடங்களில் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின.