பாறைக்கு மசி, ஓடைக்கு வெறுந்தாள்

போன மாதம் ஒருவர் ஜப்பானியச் சுருள் ஓவியம் ஒன்றைக் கொண்டுவந்தார். கியோத்தோவில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கியதாம். மலையோடை ஒன்று, நடுவே நாலைந்து பாறைகள். "தண்ணீர் மட்டும் அழுக்காகிவிட்டது, சுத்தம் பண்ணித் தர முடியுமா?" என்றார். பார்த்தேன். தண்ணீர் இருந்த இடத்தில் ஓவியர் எதையும் பூசவே இல்லை. தாள்தான் பழுப்பேறியிருந்தது.

பழைய தாள்களைச் செப்பனிடுவது என் வேலை. இந்த மசி ஓவியங்களில் பாறையைத்தான் வரைவார்கள். புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்ந்த மசிக்கட்டியைத் தண்ணீர்விட்டு உரைத்து, ஈரம் குறைந்த தூரிகையைச் சாய்த்து இழுத்தால் பாறையின் சொரசொரப்பு அப்படியே வந்துவிடும். ஓடைக்கு நாலைந்து மெல்லிய கோடுகள், மீதி வெறுந்தாள். நுரை பொங்கும் இடத்தில் அந்தக் கோடும் இருக்காது. செஷ்ஷு என்ற ஜப்பானிய ஓவியத் துறவி 1495இல் மசியைச் சிதறவிட்டு வரைந்த நிலக்காட்சி தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கீழே ஒரு சின்னப் படகு. படகு இருப்பதால்தான் அந்த வெறுந்தாள் நமக்குத் தண்ணீராகிறது.

மசி கரி என்பதால் வெயிலில் வெளுக்காது. தாள் அப்படியில்லை. பாறை கறுப்பாகவே நிற்க, சுற்றியுள்ள தண்ணீர் மட்டும் மெல்ல மெல்லச் செத்துப்போகும்.

இந்தச் சுருளுக்கு நடந்ததும் அதுதான். யாரோ மேலும் கீழும் இருந்த கட்டைகளை அறுத்துவிட்டு, பின்னால் மலிவான அட்டை வைத்து ஃபிரேம் போட்டு, ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறார்கள். அட்டையின் அமிலம் தாளில் இறங்கிவிட்டது. கிழிசலுக்கு ஒட்டிய செலோ டேப்பின் பசை, சரியாக நுரையின் நடுவில் மஞ்சள் பட்டையாக ஊறியிருந்தது.

ஜப்பானிய வீடுகளில் சுருளை நிரந்தரமாக மாட்டி வைப்பதில்லை. தோகோனோமா என்கிற மாடத்தில் அந்தப் பருவத்துக்கு மட்டும் தொங்கவிட்டு, அப்புறம் சுருட்டி, கிரி (பவுலோனியா) என்கிற லேசான மரத்தில் செய்த பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஓவியத்தின் பின்னால் தாங்கலாக வரும் தாள்களை ஒட்டுவதும் கோதுமை மாவுச்சத்துப் பசையால்தான். ஈரப்படுத்தினால் விட்டுக்கொடுக்கும், அதனால் பல தலைமுறை கழித்தும் பிரித்து மறுபடி ஒட்டலாம். தயவுசெய்து லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். அதைப் பிரிக்கப் பார்த்தால் தாளும் கூடவே வந்துவிடும்.

டேப்பை எடுத்தேன், கறை முழுதாகப் போகவில்லை. ரசாயனம் போட்டு வெளுக்கலாமா என்று கேட்டார். நார் பலவீனமாகிவிடும், வேண்டாம் என்றேன். புதுக் கட்டைகள் பொருத்தி, தளர்வாகச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். மழைக்காலம் முடிந்து காற்று காய்ந்ததும், வெயில் படாத சுவரில் சில நாள் தொங்கவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.