போர்க்கால விமானப்படைப் படங்களுக்கு நீலம் பூசாதீர்கள்

இரண்டாம் உலகப்போரில் பறந்த அமெரிக்க விமானப்படையினரின் படங்களைப் பேணும் வேலையில் இருக்கிறேன். பேரப்பிள்ளைகள் தாத்தாவின் படத்தை ஏதோ ஒரு ஆப்பில் போட்டு வண்ணம் ஏற்றி, ஓரத்தை வெட்டி, அதை மட்டும் வைத்துக்கொண்டு மூலப்படத்தைத் தொலைத்துவிடுவது இப்போது அதிகமாகிவிட்டது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிறம். அன்று இவர்கள் தரைப்படையின் ஒரு பிரிவு. விமானப்படை தனிப்படையானது 1947 செப்டம்பரில்தான், நீலச் சீருடை வந்தது 1949ல். போர்க்காலப் படத்தில் கோட்டுக்கு நீலம் பூசினால் அது பொய். கசங்கித் தொங்கும் தொப்பியையும் 'சரி' செய்ய வேண்டாம். மேலே ஹெட்போன் மாட்ட வசதியாக உள்ளே இருந்த விறைப்பு வளையத்தை அவர்களே உருவிவிடுவார்கள்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 1973 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இருந்த படைவீரர்களின் பணி ஆவண மையத்தில் தீப்பிடித்து 1.6 கோடிக்கு மேல் கோப்புகள் எரிந்துபோயின. 1912க்கும் 1960க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் போய்விட்டது. அப்படிக் கோப்பு இழந்த குடும்பத்துக்கு அலமாரியில் கிடக்கும் படம்தான் பல சமயம் மிஞ்சிய சாட்சி.

அந்தச் சாட்சி எங்கே ஒளிந்திருக்கும் தெரியுமா? பின்னால் நிற்கும் விமானத்தின் நட்சத்திரத்தைப் பாருங்கள். நடுவில் பொட்டு இருந்தால் அது 1942 மே மாதத்துக்கு முந்தைய அடையாளம். ஜப்பானியரின் சிவப்பு வட்டம் என்று நினைத்துச் சொந்த ஆட்களே சுட்டுவிடக்கூடாது என்றுதான் அந்தச் சிவப்புப் பொட்டை எடுத்தார்கள். நட்சத்திரத்தின் இருபக்கமும் வெள்ளைப் பட்டை இருந்தால் படம் 1943 நடுப்பகுதியிலோ அதற்குப் பிறகோ எடுத்தது. இந்த நட்சத்திரம் பெரும்பாலும் படத்தின் ஓரத்தில் பாதிதான் தெரியும், முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று வெட்டும்போது முதலில் போவதும் அதுதான்.

அப்புறம் தோல் ஜாக்கெட். முதுகில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் குண்டுகள் வரைந்திருப்பார்கள், ஒரு குண்டுக்கு ஒரு தாக்குதல் பயணம். இங்கிலாந்திலிருந்து பறந்த எட்டாம் விமானப்படையின் குண்டுவீச்சுக் குழுவினர் முதலில் 25 பயணம் முடித்தால் ஊர் திரும்பலாம். 1944ல் அது 30 ஆகி, பிறகு 35 ஆனது. எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாக ஸ்கேன் செய்தால் அந்த மனிதர் எந்தக் காலத்தில் பறந்தார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இறக்கை பேட்ஜ் இடது மார்பில் இருக்க வேண்டும். வலதில் இருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தின் சாம்பல் நிறத்தை வைத்து மார்பில் குத்தியிருக்கும் பதக்க ரிப்பனின் நிறத்தை ஊகிக்காதீர்கள். வீட்டு கேமராக்களில் ஓடிய கோடாக் வெரிக்ரோம் மாதிரி ஃபிலிமில் சிவப்பு கறுத்துவிடும், நீலம் வெளுத்துவிடும்.

படத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வெள்ளை ஓரத்தோடு 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். தணிக்கை முத்திரையும் பென்சிலில் எழுதிய பெயர்களும் பின்பக்கம்தான் இருக்கும், அங்கே பால்பாயிண்ட் பேனாவால் எதையும் எழுதாதீர்கள். ஆல்பத்தின் கறுப்புத் தாளில் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் பக்கத்தோடு எடுங்கள். வண்ணம் போட ஆசைப்பட்டால் போடுங்கள், ஆனால் அதைத் தனிக் கோப்பாக, பெயரிலேயே 'வண்ணம் ஏற்றியது' என்று போட்டுச் சேமியுங்கள்.