பழைய நீராவி டக்கை எடைக்குப் போடும் முன்

புயல் ஓய்ந்து மணல் இடம் மாறினால் போதும், எனக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். கடலூர் உப்பனாற்றுச் சேறு, அதில் துருவேறிய ஒரு இரும்புக் கூடு. கூடவே ஒரு கேள்வி: "சார், எத்தனை டன் தேறும்?" கப்பல் சர்வேயரிடம் கேட்கிற கேள்விதான். ஆனால் அது நீராவியில் ஓடிய டக்காக, அதாவது இழுவைப் படகாக, இருக்கலாம் என்று தோன்றினால், எடைக்கு முன்னால் வேறு சிலவற்றைப் பார்க்கச் சொல்வேன்.

அந்தக் காலத்தில் கடலூரில் பெரிய கப்பல் கரைக்கு வர ஆழம் கிடையாது. வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு படகுகளில்தான் போய்வரும். இந்த மாதிரித் துறைமுகங்களில் சரக்குப் படகுகளைக் கட்டி இழுத்துப் போவது டக்கின் வேலை. பெரிய கப்பல்களின் பெயர் பதிவேடுகளில் இருக்கும். டக்கைப் பற்றியும், அதன் அடுப்பில் கரி தள்ளியவரைப் பற்றியும் எழுதி வைத்தவர்கள் குறைவு. அதனால் அந்தக் கூடுதான் ஆவணம்.

தகடுகளில் வரிசையாக ரிவிட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) தலைகள் தெரிந்தால், பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கட்டுமானம். அப்புறம் பாய்லர். மேல்தளமெல்லாம் போனாலும் அது நிற்கும், தகடு அவ்வளவு தடிப்பு. எஞ்சினில் சின்னது, நடுத்தரம், பெரியது என மூன்று சிலிண்டர்கள் இருந்தால், ஒரே நீராவியிடம் மூன்று தடவை வேலை வாங்கிக் கரியை மிச்சம் பிடித்த எஞ்சின் அது.

எனக்குப் பிடித்த அடையாளம் இழுவைக் கொக்கி. அது பின்முனையில் இருக்காது. நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். பின்முனையில் கயிறு கட்டினால் பளு வாலைப் பிடித்துக்கொள்ளும், சுக்கானைத் திருப்பினாலும் டக் திரும்பாது. கூடு பாதி புதைந்திருந்தாலும் இதை வைத்தே டக் என்று சொல்லிவிடலாம்.

பித்தளையும் செம்பும் மிஞ்சியிருந்தால்தான் ஆச்சரியம். காயலான் கடைக்கு முதலில் போவது அவைதான். கட்டிய கம்பெனியின் பெயர்த் தகடும் பெரும்பாலும் பித்தளை. அதோடு கப்பலின் அடையாளமே உருகிப் போகிறது. அந்தப் பெயரும் கட்டுமான எண்ணும் கிடைத்தால், பழைய லாயிட்ஸ் கப்பல் பதிவேடுகளில் தேடி, எந்த ஊரில் யாருக்காகக் கட்டியது என்பது வரை போகலாம்.

புதுச்சேரியில் 1866-இல் கட்டிய இரும்புத் துறைமுகப் பாலத்தை 1952 புயல் கொண்டுபோனது. மிச்சத் தூண்களை இன்று விடியற்காலையில் வரிசையில் நின்று படம் எடுக்கிறோம், கிலோ என்ன விலை என்று கேட்பதில்லை. சிட்னியின் ஹோம்புஷ் விரிகுடாவில் 'ஹீரோயிக்' என்ற 1909-ஆம் ஆண்டு நீராவி டக்கின் கூடு கிடக்கிறது. அதையும் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள்.

சரி, இழுத்துக் கரையில் வைத்துக் காட்டலாமே என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பல காலம் கடலில் கிடந்த இரும்புக்குள் உப்பு ஊறியிருக்கும். அப்படியே உலரவிட்டால் துரு உள்ளிருந்து வெடித்து அடை அடையாக உதிரும். உப்பை எடுக்கக் காரக் கரைசலில் மாதக் கணக்கில், பெரிய துண்டென்றால் வருடக் கணக்கில் ஊறவைக்க வேண்டும். பாய்லர் அளவுக்குத் தொட்டி யார் கட்டுவது? சேற்றில் புதைந்த பகுதி காற்றுப் படாமல் மெல்லத்தான் அரிக்கிறது. அங்கேயே கிடக்கட்டும். மீன் கூடும் பாராகவும் (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கும், வலை மாட்டுகிற தொல்லையைத் தவிர. படகுப் பாதையில் கிடந்தால் கதை வேறு, எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் வெட்டுவதற்கு முன் அளந்து, வரைந்து, படம் எடுத்துவிட வேண்டும்.

1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் 100 ஆண்டுக்குக் குறையாத பொருளைத் தொல்பொருளாகப் பார்க்கிறது. 1920-களின் டக்குகள் இப்போதுதான் அந்த வயதைத் தொடுகின்றன. எதையும் கழற்றாமல், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கடலூர் முதுநகரில் படகுத் தொழில் பார்த்த குடும்பங்களில் பெரியவர்களிடம் டக்கின் பெயர், அதில் வேலை செய்தவர் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துத் துறைமுக அலுவலகத்துக்கு ஒன்று, தொல்லியல் துறைக்கு ஒன்று என அனுப்பிவிடுங்கள்.