முட்டை மிதக்கும், நெல் மூழ்கும்: விதைநெல் வாளியில் ஓர் அடர்த்திப் பாடம்

கனமான பொருள் மூழ்கும், லேசான பொருள் மிதக்கும். அடர்த்திப் பாடத்தைத் தொடங்கும் முன் கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். பாடம் முடிந்த பிறகு 'நிறை வகுத்தல் கனஅளவு' என்று தாளில் சரியாக எழுதுவார்கள். ஆனால் மனதுக்குள் பழைய எண்ணம் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதை அசைக்கக் கண்முன்னே ஒரு முரண்பாடு நடக்க வேண்டும். காவிரிப் படுகையில் அதற்கான பொருள் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கிறது.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. பள்ளி திறப்பதும் குறுவைக்கு விதை ஊறப்போடுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரும். விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைக் கழித்துவிடுவது உழவர்கள் அறிந்த முறைதான். 10 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு. உப்பு போதுமா என்று பார்க்க ஒரு முட்டை. அதன் மேல்பகுதி பழைய நாலணாக் (25 பைசா) காசு அகலத்துக்கு வெளியே தெரிந்தால் கரைசல் தயார்.

வகுப்புக்கு இதையே பத்தில் ஒரு பங்காக்கலாம். 2 லிட்டர் பெட் பாட்டிலின் கழுத்தை வெட்டிக்கொள்ளுங்கள். 1 லிட்டர் தண்ணீர், 150 கிராம் உப்பு, அன்று இட்ட முட்டை ஒன்று, தூற்றாத நெல் இரண்டு கைப்பிடி. கல் உப்பானால் கரைத்துத் துணியில் வடிகட்டிக்கொள்வது நல்லது. வேதாரண்யத்து உப்பு கிடைத்தால் 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் அள்ளிய உப்பு இதுதான் என்று ஒரு வரி சொல்லிவிட்டு மேலே போகலாம்.

முதலில் உப்பில்லாத தண்ணீரில் நெல்லைக் கொட்டுங்கள். பதர் மிதக்கும், மற்றதெல்லாம் அடியில் போய்விடும். 'இவ்வளவுதான், பிரித்தாயிற்று' என்று தோன்றும். மிதந்ததை அள்ளி எறிந்துவிட்டு, மூழ்கிய நெல்லை எடுத்துத் தனியே வையுங்கள். இப்போது முட்டையைத் தண்ணீருக்குள் விட்டு, உப்பை 25 கிராம் 25 கிராமாகச் சேர்த்துக் கலக்குங்கள். ஒவ்வொரு முறையும் உப்பு போடுவதற்கு முன்பே 'முட்டை எழும்புமா?' என்று கேட்டு, பதிலைக் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். விதியை முதலில் சொல்லிவிட்டுச் சோதனையைக் காட்டினால், விடை தெரிந்த விடுகதையைப் போல மாணவர் கவனம் கலைந்துவிடும். 100 கிராம் வரை முட்டை அடியை விட்டு அசையாது. அதற்கு மேல்தான் புரளும், நிமிரும், எழும்பும். 150 கிராம் சேர்ந்ததும் கரைசலின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 1.09 கிராம். முட்டை மேலே வந்து நிற்கும். வெளியே தெரியும் பகுதி, மொத்த முட்டையில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது.

இனி அதே பாத்திரத்தில், முட்டை மிதக்கும்போதே, தனியே வைத்த நெல்லைக் கொட்டுங்கள். முழுநெல் நேராக அடிக்குப் போகும். அரைகுறையாக மணி பிடித்த கருக்காய் மேலேயே தங்கிவிடும். 50 கிராம் முட்டை மிதக்கிறது, 20 மில்லிகிராம் நெல் மூழ்குகிறது. எடையில் 2,500 மடங்கு வித்தியாசம், அதுவும் தலைகீழாக. இங்கே ஆசிரியர் உடனே விளக்கப் புகாமல் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தால் போதும், மாணவர்களே கேட்கத் தொடங்குவார்கள்.

சோதனை பிசகுவதற்கு முக்கியக் காரணம் காற்று. நெல் உமியின் மேல் நுண்ணிய மயிர்கள் உண்டு, காய்ந்த நெல்லைப் போட்டதும் அவற்றில் காற்றுக்குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும். நல்ல நெல்லும் கொஞ்ச நேரம் மிதக்கும். கையால் நன்றாக அளைந்துவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். அடுத்தது முட்டை. நாளாக ஆக, ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெருக்கும். பழைய முட்டை பாதி உப்பிலேயே மிதந்து, கரைசல் தயார் என்று ஏமாற்றிவிடும். அந்தக் கரைசலில் கருக்காய் பிரியாது. சந்தேகம் இருந்தால் புது முட்டை ஒன்றையும் பழைய முட்டை ஒன்றையும் அருகருகே விட்டுக் காட்டுங்கள், அதுவே தனிப் பாடமாகும்.

மூழ்கிய நெல்லில் 50, மிதந்ததில் 50 எடுத்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு நாள் ஊறவைத்து, ஈரச் சாக்கில் மூட்டம் போட்டு முளைப்பை எண்ணுங்கள். மூன்றாவதாக ஒரு 50 நெல்லை உப்புக் கரைசலிலேயே ஊறவிட்டு, அலசாமல் மூட்டம் போடுங்கள். முளைக்காது. சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் விதையால் உறிஞ்ச முடியாது. இவ்வளவு உப்புள்ள கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தம், அதாவது நீரைத் தன் பக்கம் இழுத்து வைக்கும் வலிமை, வளிமண்டல அழுத்தத்தைப் போல 100 மடங்குக்கும் மேல். விதையை அலசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

முட்டை 'ஆம், இல்லை' என்றுதான் சொல்லும். எண் வேண்டுமென்றால் ஸ்ட்ராவின் ஒரு முனையை மெழுகால் அடைத்து, உள்ளே சிறு ஆணிகளைப் போட்டு நிமிர்ந்து மிதக்கவிடுங்கள். களிமண்ணால் அடைத்தால் அது ஊறிக் கரைந்து எடை மாறிவிடும். தண்ணீரில் 100 மி.மீ. மூழ்கும்படி ஆணிகளைக் கூட்டிக் குறைத்து அடையாளம் போடுங்கள். நம் உப்புக் கரைசலில் அது ஏறக்குறைய 92 மி.மீ. மூழ்கும், 100ஐ 1.09ஆல் வகுத்தது. ஆனால் நாகப்பட்டினத்துக் கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025தான், அதில் இரண்டரை மி.மீ. கூட எழும்பாது, கண்ணுக்குப் பிடிபடாது. அதற்கு ஒரு சிறு குப்பியின் மேல் 4 மி.மீ. ஸ்ட்ராவைச் செருகி, மொத்தம் 20 மி.லி. நீரை விலக்குமாறு செய்தால் கடல்நீரில் கிட்டத்தட்ட 4 செ.மீ. எழும்பும். பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானிக்குக் கீழே பருத்த குமிழும் மேலே ஒல்லித் தண்டும் இருப்பதன் காரணம் இதுதான். இந்தக் கருவியை விதைநெல் கரைசலில் விட்டால் தாங்காது, குமிழே வெளியே வந்து சாய்ந்துவிடும்.

உப்பைப் போட்டுவிட்டுச் சரியாகக் கலக்காதபோது முட்டை நடுவில் அந்தரத்தில் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அடியில் அடர்ந்த நீர், மேலே நல்ல நீர். இந்தப் பிழையை வேண்டுமென்றே செய்து பாருங்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்பு, கடல்நீர் போல. அதில் சில துளி சொட்டு நீலம். பாத்திரத்தில் பாதி ஊற்றி, மேலே வாழையிலைத் துண்டு ஒன்றை மிதக்கவிட்டு, இலையின் மேல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். நீலம் கீழே, தெளிவு மேலே, இடையில் கத்தியால் கிழித்ததுபோல் ஒரு கோடு. கோடியக்கரைப் பக்கம் மணல்மேடுகளுக்கு அடியில் மழைநீர் கடல்நீரின் மேல் படுத்திருப்பது இப்படித்தான். 1.025க்கும் 1க்கும் உள்ள வித்தியாசம் நாற்பதில் ஒரு பங்கு. அதனால் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல நீர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை அது உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும். மேல்மட்டம் 1 மீட்டர் இறங்கி அப்படியே நிலைத்தால், கீழே எல்லை 40 மீட்டர் ஏறும்.

இப்போது 20 மி.லி. சிரிஞ்சில் ஒரு ட்ரிப்ஸ் குழாயை மாட்டி, அதன் முனையைக் கோட்டுக்கு அரை செ.மீ. மேலே பிடியுங்கள். ஒரு நிமிடம் எடுத்து மெதுவாக இழுத்தால் தெளிந்த நீர் வரும். இரண்டே நொடியில் இழுத்தால் கோடு கூம்பாக எழும்பி நீலம் குழாய்க்குள் புகும். மணலுக்குள் நீர் மிக மெதுவாக நகரும், விதியும் வேறு. என்றாலும் கடலோர ஆழ்துளைக் கிணற்றுக்குக் கீழே எழும்பும் உப்புக் கூம்புக்கு இதே வடிவம்தான். முனையை 2 செ.மீ. உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து அதே வேகத்தில் இழுத்துப் பாருங்கள், நீலம் ஏறாது.